மயிலுக்குப் போர்வை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் கூடவே நீ வைத்திருந்த உன் படப்புத்தகத்தின் மாதிரிப் பக்கங்களும் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் இப்போது பரவாயில்லை, படி ஏறி இறங்க முடிகிறது. மகள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பகல் முழுக்கப் பேத்தி என்னோடுதான். தாமதத்துக்குக் காரணம் அதெல்லாம் இல்லை. உன் கடிதம் வந்த மறுநாள் வீட்டில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் உன் புத்தகத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

பேத்தியின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு படப்புத்தகம் வந்திருந்தது. கூட்டிலிருந்து விழுந்த குருவிக்குஞ்சை ஒரு சிறுமி வீட்டுக்கு எடுத்து வருகிறாள். பஞ்சு மெத்தை போடுகிறாள், பால் புகட்டுகிறாள். கடைசிப் பக்கத்தில் குஞ்சு பெரிதாகி அவள் தோளில் உட்கார்ந்து பாடுகிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியான படங்கள். நானே இருபது தடவைக்குக் குறையாமல் வாசித்துக் காட்டியிருப்பேன்.

அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தால், செருப்பு அட்டைப்பெட்டி முன்னால் குழந்தை மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் ஒரு குருவிக்குஞ்சு. உடம்பெல்லாம் இறகு முளைத்திருந்தது, வால் மட்டும் கட்டையாக இருந்தது, வாயோரத்தில் அந்த மஞ்சள் விளிம்பு. அவள் கையில் தேக்கரண்டி. குஞ்சின் நெஞ்சு இறகெல்லாம் பாலில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, மூக்குத் துளையில் ஒரு சின்ன வெள்ளைக் குமிழி. வாயைத் திறந்து திறந்து மூடியது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

"புத்தகத்துல பால் குடிச்சுதே பாட்டி?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வேன், சொல்.

அது விழுந்த குஞ்சே இல்லை. இறகு முளைத்த குஞ்சுகள் சரியாகப் பறக்க வருவதற்கு முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். சில நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் தத்தித் திரியும். தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருந்து இரை கொடுத்துக்கொண்டிருக்கும். நாம் கிட்டே நிற்கிற வரைக்கும் அவை இறங்கி வராது, அதனால்தான் குஞ்சு அநாதை மாதிரித் தெரிகிறது. பூனையோ வண்டியோ வருகிற இடமாக இருந்தால் பக்கத்துப் புதரிலோ கிளையிலோ எடுத்து வைத்துவிட்டு விலகிவிடலாம். இறகே முளைக்காத குஞ்சு என்றால் திரும்பக் கூட்டில் வைக்கலாம். மனிதக் கை பட்டதைத் தாய் ஒதுக்கிவிடும் என்று நம்மிடம் சொல்லி வளர்த்தார்களே, அது உண்மையில்லை. பறவைக்குப் பால் ஜீரணம் ஆகாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஊற்றிக் கொடுப்பது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றுவது தண்ணீராக இருந்தாலும் நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம்.

இத்தனையும் தெரிந்த நானே அந்தப் புத்தகத்தை இருபது தடவை வாசித்திருக்கிறேன், ஒரு தடவைகூட நிறுத்திச் சொல்லவில்லை. 'கதைதானே' என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. ஆனால் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் பதிப்பித்தவருக்கும் அதில் பங்கு இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். குழந்தையின் இரக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அது போய்ச் சேரவேண்டிய வழியைத்தான் தப்பாகக் காட்டிவிட்டார்கள்.

அன்று ராத்திரி எனக்குப் பேகன் ஞாபகம் வந்தது. மயிலுக்குப் போர்வை கொடுத்ததை எத்தனை பரீட்சையில் எழுதியிருப்போம்! புறநானூற்றில் பரணர் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறார், அது அப்போது நம் மண்டையில் ஏறவில்லை: மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தேதான் பேகன் கொடுத்தானாம். வள்ளலின் கொடை மனசைப் பாட அது சரி. ஐந்து வயசுக் குழந்தைக்கு அந்தத் தெரிதல் இல்லையே. எனக்குக் குளிர்கிறது, அதற்கும் குளிரும். எனக்குப் பால் பிடிக்கும், அதற்கும் பிடிக்கும். இரக்கம் அங்கேதான் பிறக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு அடுத்த படிக்குக் குழந்தையைக் கைபிடித்துக் கூட்டிப்போவதுதான் படப்புத்தகத்தின் வேலை. மயிலுக்கு என்ன வேண்டும் என்று மயிலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற படி.

சரி, உன் பக்கங்களுக்கு வருகிறேன். சங்கிலியில் கட்டிப்போட்ட நாயின் கதையை எடுத்ததே பெரிய விஷயம். ஆனால் 14ஆம் பக்கத்தில் நாய் பொலபொலவென்று கண்ணீர் விடுகிறது. 22ஆம் பக்கத்தில் பையன் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், நாய் பல் தெரியச் சிரிக்கிறது. இரண்டையும் மாற்றச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். பல்லைக் காட்டி மிரட்டுகிற நாயின் படத்தைக் காட்டினால், சின்னக் குழந்தைகள் பலர் அது சிரிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்கிறார்கள்; ஆராய்ச்சி செய்தே கண்டிருக்கிறார்கள். கழுத்தைக் கட்டிக்கொள்வதும் பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காது. குழந்தையின் முகம் அப்போது நாயின் வாய்க்கு நேராக இருக்கும், யோசித்துப் பார். நாயின் துக்கத்துக்கும் பயத்துக்கும் அதனிடமே அடையாளம் இருக்கிறது: பின்னால் மடிந்த காது, காலுக்குள் செருகிய வால், ஒன்றும் தின்னாமலே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளையோரம் தெரியப் பார்ப்பது. இதெல்லாம் உன் கைக்கு வராதா? நம் கணக்கு நோட்டு ஓரத்தில் நீ வரைந்த பூனையை நான் இன்னும் மறக்கவில்லை. நீ கண்ணீரை வரைந்தால் குழந்தை கண்ணீரைத்தான் தேடும். கண்ணீர் இல்லாத நாய்க்குக் கஷ்டமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும்.

விலங்குக்குச் சட்டை மாட்டுகிற புத்தகங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். டொரன்டோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி ஒன்று 2017இல் வெளிவந்தது. நாலிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை வாசித்திருக்கிறார்கள். ஒரு பிரதியில் மனிதக் குழந்தைகள், இன்னொன்றில் சட்டை போட்ட விலங்குகள். கதைக்கு முன்னும் பின்னும் ஸ்டிக்கர்களைக் கொடுத்து, வேறு பிள்ளைகளுக்கு எத்தனை தருகிறாய் என்று பார்த்திருக்கிறார்கள். மனிதர் வந்த கதையைக் கேட்ட குழந்தைகள் முன்னைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்கள் கொடுத்தது குறைந்துபோனது! இத்தனை காலம் நரியையும் முயலையும் வைத்து நீதி சொல்லிவந்தோமே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அதற்காகப் பேசுகிற விலங்கே கூடாது என்று சொல்லமாட்டேன். 1998இல் 'ஹே லிட்டில் ஆன்ட்' என்று ஒரு புத்தகம் வந்தது, தகப்பனும் மகளும் சேர்ந்து எழுதியது. மிதிக்கக் காலைத் தூக்கிய பையனிடம் எறும்பு பேசுகிறது. பேசினாலும் அது எறும்பாகவே இருக்கிறது: எனக்கும் கூடு இருக்கிறது, இரை கொண்டுபோகவேண்டும் என்கிறது. அவன் என்ன செய்தான் என்று புத்தகம் சொல்வதில்லை. அவன் என்ன செய்யவேண்டும் என்று வாசிக்கிற குழந்தையிடமே கேட்டு முடிந்துவிடுகிறது. முதல் தடவை பேத்தி பளிச்சென்று "மிதிக்கலாம்" என்றாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்த உபதேசத்தை விழுங்கிக்கொண்டேன். நாலு நாள் கழித்து அவளே புத்தகத்தைக் கொண்டுவந்து, காலைத் தூக்கிய படத்தில் விரலை வைத்து, "இவன் கால் வலிக்கும், கீழ வைக்கச் சொல்லு, ஆனா தள்ளி" என்றாள்.

'மேக் வே ஃபார் டக்லிங்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாத்துக் குடும்பத்தின் கதை, 1941இல் வந்தது. அந்த வாத்துகளுக்குத் தொப்பி கிடையாது, சட்டை கிடையாது. அதை எழுதி வரைந்த ராபர்ட் மெக்லாஸ்கி அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த வாத்துகளைப் பார்த்துப் படித்துவிட்டு, அதுவும் போதாமல் உயிருள்ள வாத்துகளை நியூயார்க்கில் தன் வீட்டுக்கே கொண்டுவந்து, குளியல் தொட்டியில் நீந்தவிட்டு, ஸ்கெட்ச் நோட்டோடு தரையில் தவழ்ந்து பின்னாலேயே போய் வரைந்திருக்கிறார். அந்த வரிசை சாலையைக் கடக்கிற பக்கத்தைப் பார். எந்த வாத்தும் நம்மைப் பார்த்துக் கெஞ்சவில்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் வந்தால் பேத்தி மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.

நீயும் அப்படி ஒரு நாயின் பக்கத்தில், அதற்கு இஷ்டமான தூரத்தில், ஒரு வாரம் உட்கார்ந்து பாரேன்.

குஞ்சைச் செடியடியில் புதைத்தோம். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போடவில்லை. பால் புகட்டுகிற பக்கத்தில் பேத்தி சிவப்புக் கிரேயானால் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் ஒரு பெரிய பறவையை வரைந்திருக்கிறாள். அதன் அலகில் நெளிந்துகொண்டு ஒரு புழு. நேற்றுத் தோட்டத்தில் ஒரு நத்தையைப் பார்த்துவிட்டு, தொடலாமா என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்தி, "தொட்டா அதுக்குப் பிடிக்குமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். அதன் கொம்பு நுனியில் கண் இருப்பதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

14ஆம் பக்கத்தை மாற்றி வரைந்ததும் அனுப்பு. எழுத்தை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பு. நாய்க்கு என்ன ஆச்சு என்று அவளிடம் கேட்டுவிட்டு, அவள் சொல்வதை அப்படியே உனக்கு எழுதுகிறேன்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழி