பீரோவைத் திற முதல்ல

கீதா,

உன் லெட்டர் வந்து நாளாச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, திட்டாத. எக்ஸாம் ட்யூட்டி முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள கெமிக்கல் ஸ்டோரை வேற ரூமுக்கு மாத்தணும்னு சொல்லிட்டாங்க, அதுலயே உயிர் போச்சு. அம்மாவுக்கு இப்ப பரவால்ல, நீ விசாரிச்சேன்னு சொன்னேன், ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு.

உன்னை டிபார்ட்மென்ட் சேஃப்டி இன்சார்ஜா போட்டுட்டாங்கன்னு படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு டி. மீட்டிங்குக்கு யார் வரலையோ அவங்க தலையில கட்டற வேலை அது, எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருந்த. ட்ரெயினிங், ஸ்லைடு, போஸ்டர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஒவ்வொரு லேபுலயும் கடைசியில இருக்கற பீரோவைத் திற. எப்பவோ தீசிஸ் சப்மிட் பண்ணிட்டுப் போன ஸ்காலர் விட்டுட்டுப் போன பாட்டில் அங்கதான் இருக்கும், லேபிள்ல வெறும் "எஸ்-4 பழசு"ன்னு இருக்கும், இல்லன்னா மார்க்கர்ல எழுதினது அசிட்டோன் வழிஞ்சு அழிஞ்சு நீலக் கறையா இருக்கும் (பென்சில்ல எழுதச் சொல்லு, பென்சிலை எந்த சால்வென்ட்டும் ஒண்ணும் பண்ணாது). என்னன்னு தெரியாத பாட்டில்தான் பெரிய தலைவலி, வேஸ்ட் எடுக்க வர்றவங்களே அதைத் தொட மாட்டாங்க.

அதுல நீ பயப்பட வேண்டியது ஈதர் வகையறா. டைஈதைல் ஈதர், டிஹெச்எஃப், எல்லாத்துக்கும் மேல டைஐசோப்ரொப்பைல் ஈதர். திறந்து வச்சா காத்துலயும் வெளிச்சத்துலயும் மெதுவா பெராக்ஸைடு சேரும் (லேசா உரசினாலே வெடிக்கக் கூடிய சரக்கு), ஸ்டெபிலைசர் இல்லாம டிஸ்டில் பண்ணி வச்சதுன்னா இன்னும் சீக்கிரம். மூடியைச் சுத்தி வெள்ளையா கிறிஸ்டல் கட்டியிருந்தா மூடியைத் திருகாத, பாட்டிலை நகத்தாத, "தூக்கிப் பாத்து எவ்ளோ இருக்குன்னு சொல்றேன்"னு எந்தப் பையனையும் கிட்ட விடாத. ரூமைப் பூட்டிட்டு அதுக்குன்னு இருக்கற ஆளைக் கூப்பிடு. காஞ்சு போன பிக்ரிக் ஆசிடும் அதே கேஸுதான், ஈரமா இருக்கற வரைக்கும் சாது. புதுசா வர்ற பாட்டில்ல வந்த தேதி, திறந்த தேதி ரெண்டையும் எழுத வை, டைஐசோப்ரொப்பைலா இருந்தா திறந்து 3 மாசத்துல டிஸ்போசலுக்கு அனுப்பிடு, மத்த ஈதரை 6 மாசத்துக்குள்ள பெராக்ஸைடு இருக்கான்னு டெஸ்ட் பண்ணு.

அடுத்தது அடுக்கற முறை. பேர் வரிசையில அடுக்கி வச்சா தேட ஈஸிதான், ஆனா அசெட்டிக் ஆசிடும் அம்மோனியம் நைட்ரேட்டும் பக்கத்து பக்கத்துல உக்காந்திருக்கும். "ஆசிட் பீரோ"ன்னு ஒண்ணு வச்சு நைட்ரிக்கையும் அசெட்டிக்கையும் ஒண்ணா போடறதும் தப்பு, நைட்ரிக் ஆக்ஸிடைசர் (மத்ததை எரிய வைக்கற வகை), க்ளேஷியல் அசெட்டிக் 39 டிகிரிலயே பத்திக்கற ஆவி விடற சரக்கு. எஸ்டிஎஸ்ல (ஒவ்வொரு கெமிக்கலுக்கும் வர்ற சேஃப்டி டேட்டா ஷீட்) மொத்தம் 16 செக்‌ஷன், யாரும் முழுசா படிக்க மாட்டாங்க, 7-ம் 10-ம் மட்டுமாவது படிக்கச் சொல்லு, எதோட எது சேரக் கூடாதுன்னு அங்க இருக்கும். வேஸ்ட் கேன்லயும் இதே கதைதான், சால்வென்ட் வேஸ்ட்ல கொஞ்சூண்டு நைட்ரிக் ஊத்தி டைட்டா மூடிட்டுப் போவாங்க, உடனே ஒண்ணும் ஆகாது, எல்லாரும் போனப்புறம் உள்ள கேஸ் ஏறி பாட்டில் வெடிக்கும்.

க்ளவுஸ் விஷயத்துல மட்டும் நான் பசங்களோட சண்டையே போடுவேன். "போட்டிருக்கேன் மேடம்"பாங்க. எந்த க்ளவுஸ்? மெல்லிசு நைட்ரைல்ல டைக்ளோரோமீத்தேன் பட்டா ஒரு ரெண்டு நிமிஷத்துக்குள்ளயே ஊடுருவிடும். டார்ட்மத் காலேஜ்ல காரென் வெட்டர்ஹான்னு ஒரு புரொபசர், விஷ உலோகங்கள்லயே ஆராய்ச்சி பண்ணவங்க, 1996 ஆகஸ்ட்ல டைமீதைல் மெர்குரிங்கற பாதரச விஷம் சில சொட்டு லேடெக்ஸ் க்ளவுஸ் மேல விழுந்துச்சு, அவ்ளோதான். மாசக்கணக்குல ஒண்ணும் தெரியல, 1997 ஜூன்ல இறந்துட்டாங்க. அவங்க அசால்ட்டா இருந்தவங்க இல்ல, அப்போ இருந்த முறைப்படிதான் செஞ்சாங்க.

இன்னொண்ணு, 2010 ஜனவரில டெக்சாஸ் டெக் யூனிவர்சிட்டில நடந்தது. வெடிக்கக் கூடிய ஒரு காம்பவுண்ட், 100 மில்லிகிராமுக்கு மேல பண்ணக் கூடாதுன்னு லிமிட், ஆனா அது வாய் வார்த்தையா சொன்னது. ஸ்டூடண்ட் 10 கிராம் கிட்ட பண்ணிட்டான், வெடிச்சு மூணு விரல் போச்சு. நான் அந்தப் பையனை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். கைடு ஒரு தடவை சொல்லியிருப்பார், சீனியர் ஜூனியர்கிட்ட சொல்லியிருப்பான், ரெண்டு பேட்ச் தாண்டினா அது யாருக்கும் தெரியாது, கெமிக்கல் மட்டும் அப்படியே இருக்கும். அதனாலதான் நோ-டியூஸ் ஃபார்ம்ல (படிப்பு முடிச்சுப் போறப்போ பாக்கி எதுவும் இல்லன்னு வாங்கற ஃபார்ம்) ஒரு வரி சேக்கச் சொல்றேன். லேபை விட்டுப் போறவங்க அவங்க பாட்டில் லிஸ்டைக் குடுக்கணும், ஒவ்வொண்ணும் யார் பேருக்கு மாறுது இல்ல டிஸ்போசலுக்குப் போகுதுன்னு எழுதி கைடு சைன் பண்ணணும், இல்லன்னா ஃபார்ம் நகராது. ஒரு மாசம் உன்னை எல்லாரும் கரிச்சுக் கொட்டுவாங்க, பரவால்ல.

வாங்கறதையும் கொறை. ரேட் கம்மியா வருதுன்னு 2.5 லிட்டர் வாங்கி 50 மில்லி யூஸ் பண்ணிட்டு மீதியை வருஷக்கணக்கா காவல் காக்கறது என்ன லாபம்னு எனக்குப் புரியல. மத்தபடி உனக்குத் தெரியாததா, ஐவாஷை (கண்ணு கழுவற குழாய்) வாரா வாரம் திறந்து விடு (பாதி இடத்துல முன்னாடி அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பாங்க), ஃப்யூம் ஹூடை (ஆவியை வெளிய இழுக்கற கூண்டு) குடோன் ஆக்க விடாத, வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஈதர் வச்சிருந்தா அன்னிக்கே எடு, உள்ள தெர்மோஸ்டாட் ஸ்பார்க் ஒண்ணு போதும். ஹெச்எஃப் (ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்) யூஸ் பண்ற க்ரூப் இருந்தா அது தோல்ல பட்டா தடவற கால்சியம் க்ளூகோனேட் ஜெல் இருக்கான்னு பாரு, எக்ஸ்பைரியும் பாரு.

பெராக்ஸைடு டெஸ்ட் பண்ற ஸ்ட்ரிப் ஆர்டர் போடறப்போ சின்ன பேக்கா போடு, அதுவும் திறந்தா நாளாக ஆக கெட்டுப்போகும். எங்க நோ-டியூஸ் ஃபார்ம் காப்பி இதோட வச்சிருக்கேன், உங்க ஆஃபீஸ்ல ஒத்துக்கிட்டாங்களான்னு எழுது.

மாலா