எல்லாவற்றுக்கும் சுயநலம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சுயநலம் பெருகிவிட்டது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பாழடையும் செட்டிநாட்டு வீடுகளின் பங்காளிகள், தேர்த் திருவிழாவில் செல்ஃபி எடுக்கும் பிள்ளைகள், கல்யாணமானதும் தனி அடுப்பு மூட்டும் தம்பதிகள், மேடையில் தன் புகழ் பாடும் பிரமுகர்கள் என்று எல்லோரையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டார் கட்டுரையாளர். நான் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் கணக்கு எழுதுகிறவன். வீட்டு வரிக்கும் மராமத்துக்கும் பங்காளிகளிடம் பணம் வசூலிப்பது என் வேலை. அதனால் இதில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டு ஓடு சரிந்து, மழை பெய்தால் ஒழுகுகிறது. ஒரு பங்காளி, கூரை எப்படியோ போகட்டும், தன் பங்குக்கு வரும் பர்மா தேக்குத் தூண்களைக் கழற்றி விற்றுக் கொடுத்தால் போதும் என்கிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குக் குறைவில்லை. சரி, இவரைச் சுயநலக்காரர் என்று எழுதுங்கள். தன் காரியப் புலி என்றாலும் பொருந்தும். இன்னொருவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே தர மறுக்கிறார். அவரைக் கேட்காமல் கொத்தனாரிடம் பேசிவிட்டார்களாம். கூரை இறங்கினால் அவருடைய அறையும் சேர்ந்துதான் இறங்கும். இதில் அவருக்கு என்ன நலம் இருக்கிறது? இது வீம்பு. வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் நீல டிக் விழும், பதில் வராது. அது பாராமுகம்.

நான் இப்படிப் பிரித்துப் பார்ப்பது தமிழ் ஆர்வத்தால் அல்ல, வசூலுக்காக. தூண் விற்கிறவரிடம் கணக்குப் போட்டுக் காட்டினால் இறங்கி வருவார்: வீடு நின்றால் அவர் பங்கு எவ்வளவு பெறும், தூண் மட்டும் எவ்வளவு பெறும் என்று. வீம்புக்காரரிடம் அதே கணக்கைக் காட்டினால் இன்னும் முறுக்கிக்கொள்வார். அவர் வீட்டுக்குக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் போய், “நீ சொல்லப்பா, எப்ப ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டாக வேண்டும். இரண்டு பேரையும் சுயநலவாதி என்று திட்டிப் பாருங்கள், ஒரு ரூபாய் வராது.

தனி அடுப்பைக் கட்டுரையில் சேர்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார் சமூகத்தவன் இல்லை. ஆனாலும் அந்த வீடுகளிலேயே காலம் போனவன். மகனுக்குக் கல்யாணம் ஆனபின் பெற்றோரே முன்னின்று ‘வேறு வைப்பது’ அவர்கள் வழக்கம். ஒரே வீட்டு வளவுக்குள்தான் இருப்பார்கள். சமையலும் வரவு செலவும் தனி. கல்யாணமானவன் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம்; வரியும் புள்ளிக் கணக்கில்தான். முன்னோருக்குப் படைப்பு என்றால் பங்காளிகள் எல்லோரும் வந்து கூடுவார்கள். தன் பாட்டைத் தான் பார்த்துக்கொள்ளப் பெற்றவர்களே பழக்குவதைத் தன்னலம் என்று எழுதலாமா?

செல்ஃபிப் பிள்ளைகளுக்கு வள்ளுவரிடமே சொல் இருக்கிறது. “வியவற்க எஞ்ஞான்றும் தன்னை” என்கிறார். அவர்கள் யார் பங்கையும் பறிக்கவில்லை, தங்களைத் தாங்களே வியந்துகொண்டு நிற்கிறார்கள். தேர் வரும் வழியை மறிக்காத வரை எனக்கு வழக்கில்லை.

மேடைப் பிரமுகர்கள் செய்வது தற்புகழ்ச்சி. அதிலும் நன்னூல் நிதானமாகப் பேசுகிறது. தன்னைத்தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே விலக்கும் கொடுக்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவிலும், அவையில் வாதாடி வெல்லும்போதும், எதிராளி பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இன்று வேலைக்கு மனுப் போடும் பிள்ளை தன் திறமையை எழுதுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆளுயரப் பதாகையும் பொன்னாடையும் வராது.

முழு மராமத்தையும் தானே ஏற்பதாகச் சொல்லும் பங்காளியும் எங்களுக்கு ஒருவர் உண்டு, முகப்பில் அவர் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டுமாம். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரைக்குடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அழகப்பச் செட்டியார் பெயர்தான். மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர். அந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துத் தற்பெருமை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெருமிதம் எதிலிருந்து வரும் என்று தொல்காப்பியர் சொன்ன நான்கில் புகழும் கொடையும் அடுத்தடுத்து நிற்கின்றன. செருக்கு வேறு. செருக்கு இல்லாதவர்களுடைய பெருக்கம்தான் பெருமிதம் உடையது என்று குறளே ஒரே பாட்டில் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது.

அப்புறம், ‘திமிர் பிடித்த வேலையாட்கள்’ என்று கட்டுரையில் ஒரு வரி. முதலாளி குரலை உயர்த்தினால் மிடுக்கு என்கிறோம். அதே குரலில் வாசல் கூட்டுகிற அம்மா பேசின சம்பளத்தைக் கேட்டால் திமிர் என்கிறோம். பங்காளிகளில் எவர் முகத்துக்கு நேரேயும் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை, சொல்லிவிட்டு வேலையில் இருக்கவும் முடியாது. எங்கள் வீட்டில் கூட்டிப் பெருக்குகிறவருக்கு நிலுவை இருக்கிறது, கணக்கு என்னிடம்தான் இருக்கிறது, அவர் கேட்கும் தொகையும் சரிதான். மற்றதைக் கட்டுரையாளர் திருத்தினாலும் திருத்தாவிட்டாலும், அந்த ஒரு வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெரிய வீட்டுக் கணக்கர் ஒருவர்,
கானாடுகாத்தான்.