அப்பளப் பட்டறையும் நாலு கட்டமும்

பாளையங்கோட்டை,
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்த மறுநாள் உன் கடிதம் கிடைத்தது. குற்றாலத்தில் சாரல் கட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே காற்று மட்டும்தான். வீட்டில் அவளுக்கு மூட்டு வலி இப்போது பரவாயில்லை, பேரன் சுவரைப் பிடித்து நடக்கிறான். சரி, பாங்குக் கடனுக்காக உன் அப்பளப் பட்டறையைப் பற்றி உன் மகள் போட்டுக் கொடுத்த ஸ்வாட் (SWOT) தாளுக்கு வருகிறேன். மூன்று நாளாக என் மேஜை மேல் அதுதான் கிடக்கிறது.

பிள்ளை நன்றாக உழைத்திருக்கிறாள். ஆனால் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற நாலு கட்டத்தில், நல்லதாகத் தெரிந்ததையெல்லாம் பலத்திலும் கெட்டதையெல்லாம் பலவீனத்திலும் போட்டுவிட்டாள். முதல் இரண்டும் உன் வீட்டுக்குள் இருப்பவை, மற்ற இரண்டும் வாசலுக்கு வெளியே இருப்பவை. எதை எங்கே எழுதுவது என்று குழப்பம் வந்தால் இப்படிக் கேட்டுப் பார்: நாளைக்கே நீ பட்டறையைப் பூட்டிவிட்டாலும் இந்தச் சங்கதி இருக்குமா? இருக்கும் என்றால் அது வெளியே உள்ளது.

உளுந்து விலையைப் பலவீனத்தில் எழுதியிருக்கிறாள். நீ பூட்டினாலும் உளுந்து விலை ஏறத்தான் செய்யும். நம் கரிசல் பக்கம் மழை தப்பினாலும் ஏறும், பர்மாவிலிருந்து வரத்து குறைந்தாலும் ஏறும். ஆகவே அது அச்சுறுத்தல். ஆனால் நீ ஒரே மண்டியில், கடனுக்கு, மாதாமாதம் மூட்டை எடுக்கிறாயே, அதுதான் பலவீனம். அந்த வரி தாளில் இல்லவே இல்லை.

பலத்தில் முதல் வரி தாமிரபரணித் தண்ணீர். எனக்கும் நம் ஆற்றின் மேல் உயிர்தான். ஆனால் அடுத்த தெருவில் அப்பளம் போடுகிறவரும் அதே தண்ணீரில்தானே மாவு பிசைகிறார்? அப்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதும் அப்படித்தான், மெஷின் அப்பளக்காரருக்கும் இல்லை. கல்லிடைக்குறிச்சி என்ற பேர் ஊருக்கே சொந்தம். அந்தப் பேருக்காக வெளியூர்க்காரர்கள் தேடி வாங்குகிறார்களே, அதை வாய்ப்பில் எழுதட்டும். உன் பலம் வேறு. பிரண்டைச் சாற்றைத் தெளியவிட்டு எடுத்து, மாவை எண்ணெய் தொட்டு உலக்கையால் இடித்து, இழுத்தால் அறுபடாமல் நீளும் வரை உன் அம்மா விடமாட்டார்கள். அந்தப் பக்குவம் இன்றும் உன் பட்டறையில் இருக்கிறது. அதை அவள் எழுதவே இல்லை. தினமும் பார்ப்பதால் கண்ணில் படவில்லை போல.

2023 டிசம்பர் 17, 18 மறக்குமா? திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நீ பிடித்திருந்த குடோனில் தண்ணீர் ஏறி, அப்பளமெல்லாம் கூழாகி, நாம் இருவரும் வாளியில் அள்ளினோம். அட்டைப்பெட்டி கையோடு பிய்ந்து வந்தது. தாளில் அது அச்சுறுத்தல் கட்டத்தில் 'வெள்ளம்' என்று ஒற்றைச் சொல்லாக நிற்கிறது. மழை நம் கையில் இல்லை, சரி. ஆனால் 1992-லும் இதே ஆறு பொங்கியதைப் பார்த்தவர்கள் நாம். பார்த்த பிறகும் தரையோடு தரையாக, கீழே ஒரு பலகை கூடப் போடாமல் அடுக்கினாய். இன்சூரன்ஸும் எடுக்கவில்லை. வெள்ளம் வெளியே, பலகை உள்ளே. இரண்டையும் தனித்தனி வரியாக எழுதினால்தான் நீ செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு ரொம்ப வருத்தம் தந்த வரி 'தேய்க்க ஆள் வருவதில்லை' என்பதுதான். அச்சுறுத்தலில் போட்டிருக்கிறாள். பாதி சரி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள், போகட்டும், அது நல்லதுதான். மீதிப் பாதி உன்னுடையது. உன்னிடம் தேய்க்கும் ஆச்சிமாருக்கு நூறு அப்பளத்துக்கு என்ன கூலி கொடுக்கிறாய், கடைசியாக எப்போது ஏற்றினாய்? போன தடவை வந்தபோது ஒரு ஆச்சி மணைப்பலகையில் உருண்டையை வைத்து நாலே தேய்ப்பில் வட்டமாக்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்கள். உயரமாக ஒரு மேடை போட்டிருந்தால் அந்த வலி பாதியாகும். ஆள் வராததற்கு ஊரை மட்டும் காரணம் சொன்னால் மேடை போட யாருக்கும் தோன்றாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் குறைந்தபோது, வாட்ஸ்அப் வந்து கெடுத்துவிட்டது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தெருவிலேயே இன்னொருவர் டிசைன் கற்றுக்கொண்டு, செல்போனில் அனுப்பும் பத்திரிகையையும் செய்து கொடுத்து, இன்றும் நடத்துகிறார். வாட்ஸ்அப் இருவருக்கும் பொதுவாகத்தான் வந்தது. கற்றுக்கொள்ளாமல் இருந்தது நான்.

அப்புறம், 'ஆன்லைன் விற்பனை தொடங்குவது' வாய்ப்பு ஆகாது. அது நீ எடுக்கும் முடிவு. சென்னையிலும் வளைகுடாவிலும் நம் ஊர்க்காரர்கள் இருப்பதுதான் வாய்ப்பு. 1982-இல் ஹைன்ஸ் வைரிக் என்ற பேராசிரியர் இந்த நாலையும் குறுக்கே கோர்த்துப் பார்க்கும் முறையை எழுதினார். எந்தப் பலத்தால் எந்த வாய்ப்பைப் பிடிக்கலாம், எந்தப் பலவீனத்தோடு எந்த ஆபத்து சேர்ந்தால் அடி விழும் என்று பார்ப்பது. உனக்கு முதலில் கோர்க்க வேண்டியது ஐப்பசி மழையையும், மொட்டைமாடியில் நீ அப்பளம் காயப்போடுவதையும். கூரை போட இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறி வருகிறேன். தாளைத் திருப்பி எழுதும்போது அந்த ஆச்சியையும் உட்கார்த்திவைக்கச் சொல் உன் மகளிடம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

உன் மச்சான்