பள்ளி அட்டையில் குறைந்துபோன உயரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பேத்தி நாலாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் பள்ளி அட்டையில் அவள் உயரம் 128 செ.மீ. இந்த வருஷம் 127. "அப்புச்சி, நான் குட்டையாயிட்டனா?" என்று கேட்கிறாள். அந்த வயதில் வருஷத்துக்கு ஏறக்குறைய 5, 6 செ.மீ. வளர்வதுதான் வழக்கம். போன வருஷம் ஷூவோடு அளந்திருப்பார்கள் போல. எழுதியவருக்கும் சரி, கையெழுத்துப் போட்டவருக்கும் சரி, பக்கத்துக் கட்டத்திலுள்ள பழைய எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. நான் பெட்ஷீட் நெய்தவன். ஒரு அங்குலம் குறைந்தாலே சரக்கு திரும்பி வந்துவிடும்.

இதற்குப் பெரிய வித்தை வேண்டாம். ஷூவைக் கழற்றி, கொண்டை இருந்தால் அவிழ்த்து, குதிகாலும் முதுகும் சுவரில் பட நிறுத்தி, நேராகப் பார்க்கச் சொல்லி, தலைமேல் சட்டத்தை அழுத்தி வைத்தால் முடிந்தது. எடைக்கு எந்திரத்தில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. எண்ணை 15 என்று போட்டு 'எடை குறைவு' என எழுதிவிட்டார்கள். 18.5-க்குக் கீழே குறைவு என்பது பெரியவர்கள் கணக்கு. பிள்ளைகளுக்கு வயதும், ஆணா பெண்ணா என்பதும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 5 முதல் 19 வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே வளர்ச்சி வரைபடம் கொடுத்திருக்கிறது. அதன்படி ஒன்பது வயதுப் பெண்ணுக்கு 15 சரியான அளவுதான். அந்தப் படத்தை அட்டையிலேயே அச்சடித்து, வருஷா வருஷம் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நெசவாளி,
சென்னிமலை