ஒற்றை விசில்

உச்சிப்புளி,
ஐப்பசி 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நேற்றைய காற்றில் கொல்லைத் தென்னையிலிருந்து இரண்டு மட்டை விழுந்தது. வேறு விசேஷம் இல்லை.

பைக் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. டி.என். 65 எண் அப்படியே இருக்கட்டும் என்று நீதான் சொன்னாய். அதனால் அபராதச் செய்தி என் போனுக்கு வந்தது. சிக்னலில் நிற்காமல் போனாய் என்று போட்டிருக்கிறது. அக்கா மகன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். முன்சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் நிற்கிறது. ஹெல்மெட்டைப் பட்டை மாட்டிப் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்து மனம் நிறைந்தது. பின் இருக்கை காலி. ஓரத்தில் நேரம் 2.10. தெருவிளக்கு எரிகிறது, ஆகவே அது பகல் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் படு. கடைச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஆகாது.

கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொன்னாயாம். இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டிய அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? போகட்டும். நானே இராமநாதபுரம் போய், தெரிந்த வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்து வந்தேன். கேமராவில் பிடித்த குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021இல் விதி வந்திருக்கிறது. படம், இடம், தேதி, நேரம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நமக்கு ஒன்பதாம் நாளே வந்துவிட்டது. அதில் ஓட்டை தேடாதே. ஆனால் படத்தில் சிக்னல் விளக்கு தெளிவாக இல்லை, எதிர் வண்டியின் வெளிச்சம் அடிக்கிறது. மஞ்சள் எரியும்போது, பிரேக் பிடித்தால் பின்னால் வருபவன் இடிப்பான் என்று கோட்டைத் தாண்டியிருந்தால், அதைச் சொல்ல இடம் உண்டு. வழக்கு, இன்டர்நெட்டிலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால் அபராதம் கட்டுகிறேன் என்றும் வழக்காடுகிறேன் என்றும் இரண்டு வழி காட்டும். இரண்டாவதைத் தொட்டால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போய்விடும், நேரில் நிற்க வேண்டியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சிவப்பு விளக்கைத் தாண்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்ற 184ஆம் பிரிவுக்குள்ளேயே வருகிறதாம். குறைந்தது 1,000 ரூபாய், 5,000 வரை போகலாம், சிறையும் சட்டத்தில் இருக்கிறது. அதனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

வண்டி என் பெயரில் இருப்பதால் ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் நான் சொல்லியாக வேண்டும். என் மகன் என்று சொல்வேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஒன்று மட்டும். மஞ்சளா சிவப்பா என்பது உனக்குத் தெரியும். மஞ்சள் என்றால் வழக்காடு, நான் கூட வந்து நிற்கிறேன். சிவப்பு என்றால் பணத்தைக் கட்டு. படம் தெளிவாக இல்லை என்பதற்காகச் சிவப்பை மஞ்சள் என்று சொல்லாதே. பணம் இல்லையென்றால் நான் அனுப்புகிறேன். மஞ்சள் என்று சொல்லித் தப்பித்துவிடாதே, தம்பி.

இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று உனக்கு எரிச்சல் வரும். அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தார்கள். அதற்கு நாலைந்து வருடம் கழித்து, இராமேஸ்வரத்திலிருந்து கடைசி நடை, நல்ல மழை. தங்கச்சிமடம் நிறுத்தத்தில் ஒரு பெண், துண்டில் சுற்றிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கை காட்டினாள். கண்டக்டர் ஒற்றை விசில் கொடுத்தார். எனக்குக் கேட்டது. ஏற்கெனவே நேரமாகிவிட்டது, வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் அவசரம். நான் நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அவள் கொஞ்ச தூரம் ஓடி வந்தாள்.

புகார் வந்தது. விசில் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மழைச் சத்தத்தில் யார் கேட்டார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. கண்டக்டருக்கு ஊதிய உயர்வு நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ கொல்லையில் ஓட்டித் திரிந்த சிவப்புச் சைக்கிள் அந்த மாதச் சம்பளத்தில் வாங்கியது.

அந்தக் கண்டக்டர் மண்டபம் ஊரில்தான் இருக்கிறார். மீன் ஏலத்தில் பார்த்தால் இன்னும் "அண்ணே" என்று கூப்பிட்டு, உன்னைப் பற்றி விசாரிப்பார். நான் சீலா விலையைப் பேசிவிட்டு வந்துவிடுவேன். அந்தக் குழந்தை என்ன ஆனது என்று இந்த முப்பது வருடத்தில் ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். கேட்காமலே இருந்து பழகிவிட்டேன்.

தீபாவளிக்கு மருமகளிடமிருந்து போன் வரவில்லை. அம்மா மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சேது எக்ஸ்பிரஸில் வருகிறேன். நெத்திலிக் கருவாடு எடுத்து வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், காலையில் நீ தூங்கு. சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்து வை.

அந்த 2.10க்கு எங்கே போய்க்கொண்டிருந்தாய், தம்பி?

அப்பா