அம்மாவின் முட்டியும் ஒரு கந்தகப் படமும்

கோத்தகிரி,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கோவையில் வலது முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. அதற்காக இந்தூரிலிருந்து லீவு போட்டு வந்தவன் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள்.

இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில், அதாவது எலக்ட்ரான்களை வட்டமாகச் சுற்றவிட்டு அதிலிருந்து பலமான எக்ஸ்ரே எடுக்கும் எந்திரத்தில், அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாய். நம் ஊரில் ஜவ்வு தேய்ந்துபோச்சு என்கிறார்களே, எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் அந்தக் குருத்தெலும்பை மெல்லிய சீவலாக்கி, எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று படம் போடுகிறோம். மயிரிழையைவிட மெல்லிய எக்ஸ்ரே கற்றை ஒரு புள்ளியில் விழுந்ததும் அங்குள்ள அணுவின் உள்கூட்டிலிருந்து ஒரு எலக்ட்ரான் தெறிக்கும், அந்தக் காலியிடத்துக்கு வெளிக்கூட்டிலிருந்து இன்னொன்று இறங்கும்போது அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலில் ஒரு எக்ஸ்ரே வெளியே வரும். கால்சியம் என்றால் அந்த ஆற்றல் 3.69 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்ரேயின் ஆற்றலை அளக்கும் அலகு), துத்தநாகம் என்றால் 8.64. கந்தகம்தான் பாடாய்ப் படுத்தும், அது வெறும் 2.31, சில சென்டிமீட்டர் காற்றே பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

ஆனால் எனக்கு முக்கியம் அந்தக் கந்தகம்தான். குருத்தெலும்பில் கான்ட்ராய்டின் சல்ஃபேட் என்று கந்தகம் கொண்ட ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது, அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு, அது சோடியத்தை இழுக்கும், சோடியத்தோடு தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீர்தான் நம் பாரத்தைத் தாங்குகிறது. குருத்தெலும்பில் எலும்பை நோக்கிக் கொஞ்சம் கீழே போனால் கால்சியம் சட்டென்று தொடங்கும். அந்த எல்லைக்கோட்டில் துத்தநாகம் குவிந்து கிடக்கும். ஈயமும் அங்கே சேர்கிறது என்று 2006-ல் வியன்னா ஆய்வாளர்கள் காட்டினார்கள், அதுவும் ஈயத்தோடு வேலை செய்யாதவர்களின் மூட்டில். முதல் தடவை படித்தபோது அன்றிரவு தூக்கமே வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெட்டியெடுத்த எலும்பைக் காட்டினார். முப்பத்தோரு வருஷம் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு சரிவில் ஏறி இறங்கிய முட்டி, மாப்ளே. உள்பக்கம் வழவழவென்று வெறும் எலும்பு. படம் போட அங்கே கந்தகமே மிச்சமில்லை. குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது, அதனால் கந்தகம் கரைய ஆரம்பித்த காலத்தில் அது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்காது. வலி என்று அவள் உட்கார்ந்தபோது எல்லாம் போயிருந்தது. சாதா எக்ஸ்ரேயிலும் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருப்பதுதான் தெரியும், குருத்தெலும்பு தெரியாது.

உயிருள்ள முட்டியைச் சீவ முடியாது, சரி. சோடியத்தைப் பார்க்கும் எம்ஆர்ஐ ஒன்று இருக்கிறது, சல்ஃபேட் குறைந்த இடத்தில் சோடியமும் குறையும் என்பதை வைத்து. சீவலில் நாங்கள் போடும் படம் அதற்கு ஒத்துப்பார்க்க உதவவேண்டும், இனி என் வேலை அந்தப் பக்கம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம், அக்கா இன்னும் கொழுந்துக்குப் போகிறாரா? படியிறங்கும்போது முட்டி பிடிக்கிறது என்று எப்போதோ சொன்னாயே, தள்ளிப்போடாமல் ஒரு தடவை காட்டு. நான் 18-ம் தேதி கிளம்புகிறேன், அதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. அம்மா உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
உன் மாப்ளே