தாராவி, மாட்டுங்கா, சயன் கோலிவாடா மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து தேறியவர்களில் சிலர், ஒன்று முதல் நான்கு வாரம் கழித்து வீங்கிய முழங்காலோடு உங்கள் கடைக்கு வருவார்கள். குதிகாலை ஊன்ற முடியாது, கண் சிவந்திருக்கும். சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற கிருமிகளோ, சிறுநீர்ப்பாதையில் கிளமிடியாவோ தொற்றியபின் கிளம்பும் மூட்டழற்சி, அதாவது ரியாக்டிவ் ஆர்த்ரைடிஸ் இது.

பெரும்பாலோருக்கு நாப்ராக்சன் மாதிரி வலி, வீக்கம் குறைக்கும் மாத்திரையோடு சில மாதங்களில் தணிந்துவிடும். இல்லையென்றால் சல்ஃபாசலசின். அதற்கும் அடங்காத சிலருக்குத்தான் டாக்டர் பயாலஜிக் ஊசி (உயிரணுக்களில் தயாராகும் புரத மருந்து) எழுதுவார்: அடாலிமுமாப் 40 மி.கி. இரண்டு வாரத்துக்கு ஒன்று, அல்லது எட்டானெர்செப்ட் 50 மி.கி. வாரம் ஒன்று. "போன தடவை போட்டதுதான், ஒண்ணு குடுங்க" என்று சீட்டில்லாமல் கேட்பவருக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பெரிய பயம் டிபிதான். உடம்பில் உறங்கும் டிபி கிருமியைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரைத் தாங்குவது டிஎன்எஃப் என்ற புரதம். இந்த ஊசிகள் முடக்குவதும் அதையேதான். அதனால் முதல் ஊசிக்கு முன்பே உறங்கும் டிபியைக் காட்டும் மான்டூ (தோல்) அல்லது இக்ரா (ரத்தப்) பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஹெபடைடிஸ் பி, சி சோதனை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். உறங்கும் டிபி தெரிந்தால், அதற்கான மாத்திரையைக் குறைந்தது ஒரு மாதம் சாப்பிட்ட பிறகே ஊசி. சோதனை ஆயிற்றா என்று கேளுங்கள், ஒரு கேள்விதான்.

அடுத்தது இந்த ஊசிகளை வைக்கும் உங்கள் ஃப்ரிட்ஜ். 2 முதல் 8 டிகிரி. கதவுத் தட்டில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறையும். நடுத் தட்டில் வையுங்கள், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கட்டும். கொடுத்தனுப்பும்போதுதான் அதிகம் கெடுகிறது: ஐஸ் பேக்கை ஊசிப் பெட்டியோடு ஒட்டிக் கட்டினால், 90 அடி ரோட்டிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் மருந்து உறைந்துவிடலாம். உருகியபின் பார்க்கத் தெளிவாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே புரதம் திரண்டு கெட்டிருக்கக்கூடும். நடுவில் ஒரு மடித்த துணியோ தெர்மோகோலோ போதும். சில பெட்டிகளில் 25 டிகிரிவரை சில நாள் வெளியே வைக்கலாம் என்று போட்டிருக்கும். மும்பையின் மே மாத அறைக்கு அது பொருந்தாது.

ஊசி வாங்க வந்தவருக்குக் காய்ச்சலோ, விடாத இருமலோ இருந்தால், அந்த டோஸை நிறுத்தி அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மூட்டுநோய்ச் சிகிச்சையில் பணிபுரியும் மும்பைத் தமிழ் மருத்துவர்கள், செவிலியர்கள்